பணம் இன்று, குழாய் என்று?

“புதிதாகக் கட்டுகிறவன் கட்டட்டும்.” சென்னையின் குடிநீர்ச் செலவையும் பாதாளச் சாக்கடைச் செலவையும் யார் ஏற்பது என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் இந்த ஒரு வாக்கியத்தில் வந்து முடிந்துவிடுகிறது. நகரமைப்பு அதிகாரிகள் இதைச் சொல்கிறார்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தலைமுறைகளாக வசிப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். கட்டுமான முதலாளிகள்மீது நியாயமான கோபம் கொண்ட சமூக ஆர்வலர்களுக்கும் இதுவே நிலைப்பாடு. அடுக்குமாடிகள் முளைத்ததால்தான் நிலத்தடி நீர் வற்றியது, சாக்கடை பொங்குகிறது. அந்தச் செலவைப் பழைய குடியிருப்பாளர் தலையில் ஏற்றுவது அநியாயம். வளர்ச்சிக்கான விலையை வளர்ச்சியே கொடுக்க வேண்டும். இப்படிப் போகிறது வாதம்.

இதில் பாதியை நானும் ஏற்கிறேன். ஒரு புதிய இணைப்புக்கு விலை உண்டு, அதைக் கொடுக்கத்தான் வேண்டும். கட்டணங்களை ரத்து செய்யச் சொல்லும் கட்டுமான நிறுவனங்களின் கட்சி என்னுடையது இல்லை. நான் மறுப்பது மற்றப் பாதியை. பணத்தை வாங்கிக்கொண்ட நகரம், அதற்கு ஈடாக எந்தத் தேதிக்குள் குழாயைக் கொண்டுவந்து சேர்க்கும் என்ற கடமையை ஏற்காதபோது, அந்தப் பணத்தை வளர்ச்சியின் விலை என்று அழைக்க எந்த நியாயமும் இல்லை. வீடு கட்டும் நேரம் பார்த்து, மறுத்துப் பேச வழியில்லாதவரிடம் வசூலிக்கப்படும் வரி அது.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட அனுமதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வளர்ச்சிக் கட்டணம் செலுத்த வேண்டும். அதே சட்டத்தில் 2007இல் சேர்த்த பிரிவின்படி, கட்டடப் பரப்புக்குச் சதுர மீட்டர் கணக்கில் உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம். கட்டடம் பெரிதானால் சென்னைக் குடிநீர் வாரியத்துக்கென்று தனியாக உட்கட்டமைப்பு வளர்ச்சிக் கட்டணம். வழக்கமான தளப்பரப்பைத் தாண்டிக் கட்ட விரும்பினால், நிலத்தின் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடும் பிரீமியம் கட்டணம். இவ்வளவும் அனுமதிக் கட்டத்திலேயே. பின்னொரு காலத்தில் குழாய் தெருமுனைக்கு வந்தால் அப்போது இணைப்புக் கட்டணம், வைப்புத் தொகை, சாலையைத் தோண்டுவதற்காக மாநகராட்சிக்குச் சாலை வெட்டுக் கட்டணம்.

அனுமதிக் கட்டத்தில் வாங்கும் பணத்தால், இன்ன தேதிக்குள் தண்ணீர் தந்தாக வேண்டும் என்ற கடமை எந்த அலுவலகத்துக்கும் ஏற்படுவதில்லை. 2007இல் வந்த கட்டணம் மாநில அளவிலான நிதியத்தில் சேர்கிறது. அந்தச் சாலையிலுள்ள துரைப்பாக்கத்தில் செலுத்திய பணம் துரைப்பாக்கத்துக் குழாய்க்கே செலவாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறோர் ஊரின் மேம்பாலத்துக்கு அது போனால் அந்த ஊருக்கு நல்லதுதான். ஆனால் துரைப்பாக்கத்தில் வீடு வாங்கியவர் கேட்டது மேம்பாலம் இல்லை.

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இலேயே சிரூர் மடம் வழக்கில் விளக்கிவிட்டது. அந்த வழக்கும் அன்றைய சென்னை மாநிலத்தின் அறநிலையச் சட்டத்திலிருந்து எழுந்ததுதான். வரி பொதுச் செலவுக்கானது. கட்டணம், கொடுத்தவருக்குக் கிடைக்கும் குறிப்பிட்ட சேவைக்கானது. வாங்கிய தொகையும் சேவைக்கான செலவும் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டியதில்லை என்று பின்வந்த தீர்ப்புகள் இந்த விதியைத் தளர்த்தின. சேவையே இல்லாமல் கட்டணம் வாங்கலாம் என்கிற அளவுக்கு அந்தத் தளர்வை நீட்டிக்கொண்டது நிர்வாகத்தின் பழக்கம்.

அடுத்து, ‘பழையவர்’ கட்சியின் தார்மிக பலத்தைப் பார்ப்போம். தங்கள் குழாய்க்குத் தாங்களே விலை கொடுத்துவிட்டதைப் போலவும், புதியவர் வந்து அதில் இலவசமாகப் பங்கு கேட்பதைப் போலவும் ஓர் எண்ணம் பழைய நகரத்தில் இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. செங்குன்றம் ஏரி நீர் 1872இல் நகரத்துக்கு வந்ததும், 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் எழுந்ததும் காலனி ஆட்சியின் பொதுப்பணத்தில். ஆந்திரத்தோடு 1983இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்தது. 2004இல் வீராணத்திலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் குழாய் முடிந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தலா 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் ஆலைகள் ஓடத் தொடங்கின. இவற்றின் முதலீட்டில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துத் தியாகராய நகர் வீட்டுக்காரரிடம் யாரும் கேட்டதில்லை. பெரும்பாலும் பொது வரிப்பணம், மானியம், கடன் ஆகியவற்றால் நடந்த காரியங்கள் இவை. வீராணம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து உழவர்களின் பாசன ஏரி. சிவகங்கையில் சோப்பு வாங்கிய ஏழையின் விற்பனை வரியும் சென்னைக் குழாயில் கலந்திருக்கிறது.

பழைய நகரத்தாரிடம் இப்போது போய்ப் பாக்கி கேட்க வேண்டும் என்பதில்லை. ஊர் முழுவதும் சேர்ந்து போட்ட குழாயை ஒரு பகுதியினர் தங்கள் சொந்தச் சேமிப்பாகக் கருதி, வாசலில் நின்று நுழைவுக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதே என் வாதம்.

யார் அந்தப் ‘புதியவர்’ என்பதையும் கேட்டாக வேண்டும். இந்த வாதத்தில் புதியவர் என்றால் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெரும் சம்பளம் வாங்கும் ஒருவர், அல்லது அவருக்கு வீடு விற்கும் முதலாளி. கண்ணகி நகரில் வாழ்கிறவர்களும் செம்மஞ்சேரிக் குடியிருப்பில் வாழ்கிறவர்களும் அந்தச் சித்திரத்தில் இல்லை. அவர்கள் நகரத்தின் நடுவில், கால்வாய்க் கரைகளிலும் ஆற்றோரங்களிலும் வாழ்ந்தவர்கள். 2000க்குப் பிறகு நகரமே அவர்களை அகற்றிக் கொண்டுபோய், அன்று ஊராட்சிகளாக இருந்த அந்தப் பகுதிகளில் குடியேற்றியது. அவர்கள் புதியவர்களா, பழையவர்களா? நகரத்தின் விளிம்பில் தண்ணீர்த் தேவை பெருகியதற்குக் காரணம் அங்கே வீடு வாங்கியவரின் விருப்பம் மட்டும் இல்லை. வேலைவாய்ப்பைப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு அனுப்பியது அரசு, ஏழைகளை அங்கே அனுப்பியது அரசு, தொழில்நுட்பப் பூங்காக்களுக்கு அனுமதி தந்ததும் அரசு. முடிவெடுத்தவர் தன் பங்கை ஏற்காமல், போய்ச் சேர்ந்தவரிடம் முழு விலையையும் கேட்பது எந்த வகை நியாயம்?

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியோடு 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் இணைக்கப்பட்டன. ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 சதுர கிலோமீட்டரானது. 155 வார்டுகள் 200 ஆயின. இணைப்புக்கு ஆதரவாக அன்று சொல்லப்பட்டது ஒன்றே ஒன்று: சென்னைக்குள் வந்தால் சென்னையின் வசதிகள் வரும். அம்பத்தூர், மதுரவாயல், வளசரவாக்கம், பெருங்குடி, பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர், மடிப்பாக்கம் எல்லாம் ஒரே நாளில் மாநகரமாயின. பெயர்ப்பலகை உடனே மாறியது. வரி விதிக்கும் அதிகாரமும் உடனே மாறியது. குழாய் மட்டும் ஊர் ஊராக, தெருத் தெருவாக, டெண்டர் டெண்டராக வந்தது. மடிப்பாக்கத்தில் பாதாளச் சாக்கடைக்காகத் தெருக்களைத் தோண்டும் வேலை, இணைப்பு நடந்து பத்தாண்டு கழிந்த பின்னும் நடந்துகொண்டிருந்தது.

அந்த இடைக்காலத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? ஒரு தலைக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் கையேடு வகுத்திருக்கும் அளவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 540 லிட்டர். நூறு வீடுகள் உள்ள அடுக்குமாடிக்கு நாளுக்கு 54,000 லிட்டர். குழாய் இல்லை, ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்பு நீர் என்றால், 12,000 லிட்டர் லாரி நாளுக்கு நான்கைந்து முறை வாசலுக்கு வர வேண்டும். வந்த நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும். அதை அள்ளிப்போக இன்னொரு லாரி. கழிவுநீர் லாரிகளில் சில எங்கே கொட்டின என்பதைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. கட்டணம் கட்டியவர்கள் லாரிக்காரருக்கு இரண்டாம் முறையாக விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் மாதாமாதம்.

2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது அரசு செய்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பழைய சென்னைப் பகுதியில் குடியிருப்புகளுக்கு 50 முதல் 150 சதவீதம் வரை உயர்வு. 2011இல் இணைந்த பகுதிகளுக்கு 25 முதல் 100 சதவீதம் வரை. சேவை முழுமையாக வந்து சேராத இடத்தில் முழு விலை கேட்கக் கூடாது என்ற ஒப்புதலாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். வரியில் ஏற்ற நியாயத்தைக் கட்டணத்தில் ஏற்க என்ன தடை?

தடை இருக்கிறது என்பார்கள்: குழாய் போடுவது பெரிய வேலை, அதற்குத் தேதி சொல்ல முடியாது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், அதே அடுக்குமாடிக்கு மின்சாரம் வந்துவிடுகிறது.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. மின்சாரமும் தொலைவிலிருந்து வருவதுதான். அதற்கும் உற்பத்தி நிலையம், உயரழுத்தத் தடம், துணைமின் நிலையம், மின்மாற்றி, கம்பம், கேபிள் எல்லாம் வேண்டும். அதற்கும் வளர்ச்சிக் கட்டணம், வைப்புத் தொகை எல்லாம் உண்டு. ஆனால் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் 43ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் இணைப்புத் தர வேண்டும். புதிதாகத் தடம் நீட்ட வேண்டியிருந்தால் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த காலத்துக்குள் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். இணைப்புக்காக வாங்கும் தொகைக்கும் 46ஆம் பிரிவு எல்லை வகுக்கிறது: நியாயமாக ஆன செலவை மட்டுமே வாங்கலாம். அந்தக் கட்டணங்களைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பிறகு, காரணங்களை எழுதித் தீர்மானிக்கிறது. குறைகள் அங்கும் இருக்கின்றன, தாமதங்களும் இருக்கின்றன. இருந்தாலும் ஒரு குடிமகன் சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டி நிற்க ஓர் இடம் இருக்கிறது.

குடிநீருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. 1978இல் சட்டம் இயற்றி உருவாக்கிய குடிநீர் வாரியத்தின் இணைப்புக் கட்டணத்தை விசாரித்துத் தீர்மானிக்கச் சுதந்திரமான ஆணையம் கிடையாது. நாள் தவறினால் அபராதம் என்ற பேச்சும் கிடையாது. ஒரே தெரு, ஒரே கட்டடம், ஒரே அரசு. மின்கம்பி வந்து பத்தாண்டு கழித்தும் குடிநீர்க் குழாய் வராமல் இருக்கிறதென்றால், பூமிக்கடியில் தோண்டும் சிரமம் அதற்கு ஒரு பகுதிக் காரணம்தான். மின்சாரத்தில் பணத்தோடு கடமையும் வந்து ஒட்டிக்கொள்கிறது; தண்ணீரில் பணம் மட்டும் கைமாறுகிறது.

‘கட்டணமும் கடமையும் சேர்ந்து வருவதெல்லாம் ஏட்டில்தான் நடக்கும், நம் மக்கள் சாக்கடைக்குப் பணம் தரமாட்டார்கள்’ என்று சொல்கிறவர்களுக்கு ஆலந்தூரை நினைவூட்டுகிறேன். இன்று சென்னைக்குள் ஒரு மண்டலமாக இருக்கும் ஆலந்தூர் அன்று ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த தனி நகராட்சி. 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவரானார். செப்டிக் டேங்கும் திறந்த சாக்கடையுமாகக் கிடந்த ஊருக்குப் பாதாளச் சாக்கடை கொண்டுவருவது என்று முடிவாயிற்று. முழு மானியம் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகை, இணைப்பு வந்த பிறகு மாதம் 150 ரூபாய் என்று வகுத்தார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் அது சிறிய தொகை இல்லை. தெருத் தெருவாகக் குடியிருப்போர் நலச் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். தோண்டத் தொடங்கும் முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. மீதித் தொகையைத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் அரசின் உதவியும் நிரப்பின. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் முதலீட்டில் கட்டி, இயக்கி, பின்னர் ஒப்படைக்கும் முறையில் எழுப்பினார்கள். 2000இல் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது.

ஆலந்தூரை மேற்கோள் காட்டுகிறவர்கள் வழக்கமாகத் தனியார் பங்கேற்பைத்தான் புகழ்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 5,000 ரூபாயின் தன்மை. எந்த வேலைக்கு, எந்த ஊரில், யார் பொறுப்பில் என்பது கட்டியவருக்குத் தெரியும். வாங்கியவர் அதே ஊரில், அடுத்த தேர்தலில் அதே தெருவுக்கு வந்து நிற்க வேண்டியவர். பணம் மாநில நிதியம் ஒன்றில் கரைந்துபோகவில்லை. பழையவர், புதியவர் என்ற பிரிவினையும் அங்கே எழவில்லை. முப்பது ஆண்டாகக் குடியிருந்தவரும் கட்டினார், போன மாதம் வீடு முடித்தவரும் கட்டினார். சேவை எல்லோருக்கும் புதிது, ஆகவே விலையும் எல்லோருக்கும் உண்டு. ‘புதியவன் கட்டட்டும்’ என்ற கொள்கையை ஆலந்தூர் பின்பற்றியிருந்தால் அந்த ஊரில் இன்றும் கழிவுநீர் லாரிதான் ஓடும்.

கட்டணம் உயர்ந்தால் வீட்டு விலை உயரும், ஆகவே அதை ஒழியுங்கள் என்று கட்டுமானத் துறை எழுப்பும் குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பது நிலம் வாங்கும் முன்பே திட்டவட்டமாகத் தெரிந்திருந்தால், கட்டுகிறவர் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் நிலத்துக்கு விலை பேசுவார். அப்போது சுமையின் பெரும்பகுதி, ஊர் வளர்ந்ததாலேயே விலை ஏறிய நிலத்தின் சொந்தக்காரருக்குப் போகும். அது நியாயமும்கூட. நிலத்தை வாங்கிய பிறகு திடீரென்று கட்டணம் உயர்ந்தால் அந்தச் சுமை வீடு வாங்குகிறவர்மீது இறங்கும். ஆகவே தீங்கு கட்டணத்தின் அளவில் இருப்பதைவிட அதன் நிச்சயமின்மையில் அதிகம். ‘புதிதாகக் கட்டுகிறவன்’ தரப்போவது முதலாளியின் லாபத்திலிருந்து என்று நம்பும் நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். தேதியும் அளவும் நிச்சயமில்லாத கட்டணம் கடைசியில் வங்கிக் கடன் எடுத்து இரண்டு அறை வீடு வாங்கிய குடும்பத்தின் மாதத் தவணையில்தான் போய் உட்காருகிறது.

அளவைக் கணக்கிடுவதும் மர்மக் கலை இல்லை. 10 கோடி லிட்டர் ஆலை ஒன்று, குடும்பத்துக்கு 540 லிட்டர் என்ற கணக்கில் சுமார் 1,85,000 குடும்பங்களுக்குப் போதும். வழியில் கசிவாக வீணாவதைக் கழித்தால் எண்ணிக்கை குறையும். ஆலையின் செலவில் மானியமாக வந்ததைக் கழித்துவிட்டு மீதியை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு குடும்பத்தின் பங்கு. முதன்மைக் குழாயில் ஒரு பங்கு. நாளுக்கு 430 லிட்டர் கழிவைச் சுத்திகரிக்கும் திறனில் ஒரு பங்கு. இவ்வளவுதான். ஏற்கெனவே உள்ள அமைப்பில் இடம் மிச்சமிருந்தால் அதன் இன்றைய மதிப்பில் பங்கு கேட்கலாம். இல்லையென்றால் புதிதாகக் கட்டும் திறனின் செலவில் பங்கு கேட்கலாம். ஒரே லிட்டருக்கு இரண்டையும் கேட்கக் கூடாது. இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க முடியும்.

நிலத்தின் வழிகாட்டி மதிப்பை வைத்து வாங்கும் பணத்துக்கு இப்படி எந்தக் கணக்கும் கிடையாது. 2017இல் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது, 2023இல் பழைய நிலைக்கே உயர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் குழாயின் விலை அப்படி இறங்கி ஏறவில்லை. கூடுதல் தளத்தால் கூடுதல் தண்ணீர் வேண்டியிருக்கிறது என்பது உண்மையானால், அந்தப் பிரீமியம் பணத்தில் ஒரு பங்கு குடிநீர் வாரியத்தின் கணக்குக்கு, அதே பகுதியின் பெயரில் போகட்டும்.

ஏழைகளுக்கு என்ன வழி என்ற கேள்வி உண்மையான கேள்வி. சதுர அடி குறைந்த வீடுகளுக்குப் பெயரளவுத் தொகை, மற்றவர்களுக்குப் பல ஆண்டுத் தவணை என்பதெல்லாம் செய்யக்கூடியவையே. கண்ணகி நகர் போல அரசே குடியேற்றிய இடங்களில் முழுப் பங்கையும் அரசே ஏற்க வேண்டும். அங்கே கட்டணம் கேட்பதே தவறு. ஆனால் கட்டணமே வேண்டாம் என்று சொன்னால் ஏழைக்கு இலவசக் குழாய் வந்துவிடாது. குழாய் வராத தெருவில் குடம் ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறவர்களே அந்த ஊரில் தண்ணீருக்கு அதிக விலை கொடுக்கிறவர்கள்.

முன்பணம் இல்லாமல் குழாய் போட முடியாது என்பது கடைசி வாதம். கடன் எதற்கு இருக்கிறது? தமிழ்நாட்டின் சிறிய உள்ளாட்சிகள் பல ஒன்றுசேர்ந்து 2002–03இலேயே குடிநீர், சுகாதாரப் பணிகளுக்காகப் பத்திரம் வெளியிட்டு 30 கோடி ரூபாய்க்குமேல் திரட்டின. நாட்டுக்கே முன்னோடியான காரியம் அது. வரப்போகும் இணைப்புக் கட்டணத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கிக் குழாய் போட்டுவிட்டு, இணைப்புக் கொடுக்கும் நாளில் கட்டணத்தை வாங்கினால், தாமதத்தின் வட்டி நகரத்தின் தலையில் விழும். இன்று அந்த வட்டியை லாரிக்குப் பணம் கொடுக்கும் குடும்பம் கட்டுகிறது. யார் தலையில் வட்டி விழுகிறதோ அவருக்குத்தான் வேலையை முடிக்க அவசரம் இருக்கும்.

முன்கூட்டியே வாங்கத்தான் வேண்டுமென்றால் அதற்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1987இல் இயற்றிய சட்டம், வளர்ச்சிக் கட்டணமாக வாங்கும் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. ஆண்டுதோறும் வரவு செலவை வெளியிடச் சொல்கிறது. ஐந்தாண்டுக்குப் பிறகும் செலவிடாமல் கிடக்கும் பணம் எதற்காகத் தேவை என்று நிரூபிக்கச் சொல்கிறது. நிரூபிக்காவிட்டால் திருப்பித் தரச் சொல்கிறது. குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணம் சேவைக்கான நியாயமான செலவைத் தாண்டக் கூடாது என்ற விதியும் அங்கே உண்டு. அந்த மாநிலத்தில் வீட்டு விலை எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது, எல்லாவற்றிலும் அவர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை. பணத்துக்குக் கணக்குக் காட்டும் இந்த ஒழுங்கு மட்டும் நமக்கு வேண்டும்.

இதையெல்லாம் இப்போதே பேச வேண்டிய காரணம் இருக்கிறது. ஆவடி 2019இலும் தாம்பரம் 2021இலும் மாநகராட்சிகளாயின. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் அரசாணை 2022இல் வந்தது. அரக்கோணமும் காஞ்சிபுரமும் அதற்குள் வருகின்றன. 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுவதும் பல ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது ஊர் ஊராக மக்கள் எதிர்த்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்றார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சிலர் எழுதினார்கள். போவது எது என்பது அந்த மக்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. வரப்போவது எது, எப்போது என்பதை யாரும் அவர்களிடம் எழுதிக் கொடுக்கவில்லை.

எழுதிக் கொடுக்க வேண்டும். இணைப்பு அரசாணையோடு வார்டு வாரியாக ஓர் அட்டவணை வெளிவர வேண்டும்: குடிநீர் எந்த ஆண்டில், பாதாளச் சாக்கடை எந்த ஆண்டில், எந்த ஆலையிலிருந்து, எவ்வளவு செலவில். அந்த அட்டவணையைக் கிராம சபையில் வைத்துப் பேசிய பிறகே இணைப்பு நடைமுறைக்கு வர வேண்டும். குடிநீர் வாரியச் சட்டத்தில் மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவுக்கு இணையான ஒரு பிரிவைச் சட்டமன்றம் சேர்க்க வேண்டும். அட்டவணையில் உள்ள தேதி தவறினால், அந்த வார்டில் வாங்கிய உட்கட்டமைப்புக் கட்டணம் வட்டியோடு, செலுத்தியவரின் கணக்குக்கோ இன்று அந்த வீட்டில் இருப்பவரின் சொத்து வரிக் கணக்குக்கோ திரும்ப வேண்டும். அரக்கோணத்துப் பக்கம் மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் வரத்தான் போகின்றன. அவற்றுக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கும் முன்பே இந்தத் திருத்தம் நிறைவேற வேண்டும்.